மூன்றாம் பட்டை

படைவீரரின் சீருடையைக் கண்டு பெருமிதம் கொள்ளாதவர் இல்லை. ஆயின், அச்சட்டையின் கையில் விளங்கும் சின்னங்களைத் தைத்த விரல்களை நினைப்பவர் மிகச் சிலரே. 1981 முதல் ஐந்தாண்டுக் காலம் அலகாபாத் கண்டோன்மெண்டின் குடும்பக் குடியிருப்பில் வாழ்ந்த நாங்கள் அவ்விரல்களுக்கு உரியவர்கள். 2018 முதல் அந்நகருக்குப் பிரயாக்ராஜ் என்று பெயர். எங்கள் நாவில் அது இன்றும் அலகாபாத்தான். வட ஆர்க்காட்டுச் சிற்றூரிலிருந்து சென்னை வந்து, ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறி, இட்டார்சியில் வண்டி மாறி அங்குப் போய் இறங்கியபோது, இந்தி ஒரு சொல்லும் அறியோம். அறிந்ததெல்லாம் பள்ளியில் தையலாசிரியை கற்பித்த எம்மிங்கும் காஜாவும் மட்டுமே.

படைப்பிரிவில் தையற்காரர் இருந்தார். ஆயினும் அணிவகுப்பு நெருங்கும் நாட்களில் அவரிடம் சட்டைகள் மலைபோல் குவிந்துவிடும். மெஷினில் ஓட்டினால் சின்னத்தின் ஓரம் சுருங்கி நூல் வெளியே தெரியும் என்ற குறையும் உண்டு. ஆகவே வீட்டுக்கு வீடு இவ்வேலையைப் பெண்களே ஏற்றுக்கொண்டோம். பார்வைக்கு எளிது, செய்தவர்க்கே அதன் அருமை தெரியும். துணிச் சின்னத்தை முதல் நாளே நீரில் ஊறவைத்து உலர்த்திவிட வேண்டும். இல்லையேல் முதல் சலவையிலேயே அது சுருங்கிச் சட்டையையும் இழுத்துக்கொள்ளும். கஞ்சி போட்ட துணியில் ஊசி இறங்காது; ஆகவே தைத்த பின்னரே கஞ்சி. ஓரங்களை உள்மடித்து, அங்குள்ள பெண்கள் ‘கச்சா’ என்று வழங்கும் தற்காலிகத் தையலால் நிறுத்தி, பின்பு நூல் வெளித்தெரியாமல் சுற்றிலும் எம்மிங் செய்ய வேண்டும். நூலின் நிறம் சட்டையோடு அன்று, சின்னத்தோடு ஒத்திருத்தல் வேண்டும்.

நாங்கள் முதன்முதலில் தைத்தது செங்கழுகு. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலையிலும், 1944-இல் இத்தாலியின் கசீனோ மலையிலும் போரிட்ட நான்காம் டிவிஷனின் சின்னம் அது. அவ்வரலாற்றை எங்கள் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல, ஊசி விரலில் ஏறியதும் தெரியவில்லை. அடுத்து வந்தவை பதவிப் பட்டைகள். படையில் அவற்றைப் ‘பீத்தி’ என்பார்கள். லான்ஸ் நாயக்குக்கு ஒன்று, நாயக்குக்கு இரண்டு, ஹவில்தாருக்கு மூன்று. கூர்முனை கீழ்நோக்கியிருக்க வேண்டும். அம்முனை நூலிழையும் பிசகாமல் நடுவில் நிற்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் அணிவகுப்பில் ஏச்சு வாங்குபவர் அவர், தலைகுனிபவர் நாங்கள்.

1983-இன் தொடக்கத்தில் அவர் தற்காலிக ஹவில்தார் ஆனார். நான்கு சட்டைகளுக்கும் ஒரே இரவில் மூன்றாம் பட்டையைத் தைத்து முடித்தோம். ஊருக்குக் கடிதம் போயிற்று. மாமனார் அதனை டீக்கடை வரை கொண்டு சென்று படித்துக் காட்டினாராம்.

அவ்வாண்டின் இறுதிக்குள் மாமனார் காலமானார். தந்தி கண்டு ஊருக்கு விரைந்தோம். கிடைத்த விடுப்போ பதினாறாம் நாள் காரியம் வரை எட்டவில்லை. கொள்ளி வைத்த ஒரே மகன் கருமாதி முடியுமுன் ஊரைவிட்டுப் போவதா என்று உறவினர் கேட்டனர். விடுப்பை நீட்டித்துத் தருமாறு தந்தி கொடுத்தோம், மறுமொழி வரவில்லை. அவர் புறப்பட்டுவிடத்தான் நினைத்தார். “பதினாறு முடியட்டும், அப்புறம் போகலாம்” என்று தடுத்தவர்கள் நாங்கள். இதனை இத்தனை ஆண்டுகளாக எங்கும் எழுதியதில்லை, இம்மலரில் எழுதிவிடுகிறோம்.

ஆறு நாள் தாமதமாகத் திரும்பினோம். 1950-ஆம் ஆண்டின் இராணுவச் சட்டத்தில், தற்காலிகப் பதவியிலிருப்பவரை அவருடைய நிலையான பதவிக்கு இறக்கக் கட்டளை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. விசாரணையில் அவர் மறுத்து ஒன்றும் பேசவில்லை. மனைவி சொன்னாள் என்றும் சொல்லவில்லை. மீண்டும் நாயக் ஆனார்.

அன்றிரவு நான்கு சட்டைகளையும் எங்கள் முன் வைத்தார்.

“தையற்காரர் கிட்ட குடுக்க வேண்டாம். நீயே பிரிச்சிடு” என்றார்.

பாதி பிளேடைப் பிடித்து ஒவ்வோர் இழையாக அறுத்தோம். எங்கள் தையல் உறுதியானது என்று அதுவரை பெருமை பேசியிருந்தோம். அன்று அவ்வுறுதியே எங்களுக்குப் பகையாயிற்று. பட்டையை அகற்றியதும் வேறொன்று தெரிந்தது. பல மாத வெயிலில் சட்டை வெளுத்திருந்தது. பட்டை மறைத்திருந்த இடம் மட்டும் புதுத்துணியின் பச்சை மாறாமல் இருந்தது. இரண்டு பட்டைகளுக்கு அருகே மூன்றாவதன் நிழல்! சோப்பு நீரில் ஊறவைத்தோம், தேய்த்தோம், வெயிலில் போட்டோம். நிழல் போகவில்லை. அவரோ ஒன்றும் சொல்லாமல் அச்சட்டையையே அணிந்து வேலைக்குப் போய்வந்தார்.

பக்கத்து வீட்டில் ஒரு பஞ்சாபிப் பெண்மணி இருந்தார். வயதில் எங்களுக்கு மூத்தவர். ஒரு நாள் சட்டைகளைக் கொடியில் உலர்த்திவிட்டு உள்ளே வந்து சன்னல் வழியே பார்த்தோம். அவர் தம் துணிகளை எடுக்க வந்தவர், எங்கள் கொடியருகே நின்றார். சட்டையின் கையைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு அதனைக் கழற்றி, உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, மறுபடியும் உலர்த்திவிட்டுப் போனார். மாலையில் வந்து வழக்கம்போல் பருப்பு விலையைப் பேசிக்கொண்டிருந்தார். கொடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அன்று முதல் நாங்களும் சட்டைகளைத் திருப்பிப் போட்டே உலர்த்தினோம். மொழி தெரியாத ஊரில் எங்களுக்குக் கிடைத்த முதல் உறவு அவரே.

1985-இல் மூன்றாம் பட்டை திரும்பக் கிடைத்தது. பழைய நான்கு சட்டைகளுள் ஒன்றே எஞ்சியிருந்தது. அதன் கையில் சாக்குக்கட்டியால் குறியிடத் தேவையே இருக்கவில்லை. மங்கிப்போன அந்நிழல் இடம் காட்டிற்று. தைத்து முடித்தபோது, “பதினாறுக்கு இருந்தது தப்பில்லை” என்று அவர் சொன்னார். இரண்டாண்டுக் காலம் அவ்வொரு சொல்லுக்காகக் காத்திருந்தோம்.

அடுத்த ஆண்டு அவருக்குச் சிக்கிமுக்கு மாற்றம். நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். அங்குள்ள பதினேழாம் மலை டிவிஷனின் சின்னம் கருப்புப் பூனை. விடுப்பில் வந்தபோது புதுச்சட்டைகளோடு அச்சின்னங்களையும் கொண்டுவந்தார். திண்ணையில் அமர்ந்து தைத்துக்கொண்டிருந்தோம். மாமியார் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார்.

“ஏம்மா, எதிர்ல வந்தாலே ஆகாதும்பாங்க. அதைப் போயி அவன் கையிலயே வச்சுத் தைக்கிறியே!”

“அது எதிராளிக்கு எதிர்ல போற பூனைம்மா” என்றார் மகன். கணவர் போன பின் மாமியார் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டோம்.

பணி நிறைவுற்று வேறு வேலை தேடி வடக்கிற்கே வந்து, இன்று இவ்வூர்ச் சங்கத்தாருள் ஒருவராய் இருக்கின்றோம். எங்கள் தகரப் பெட்டியில் செங்கழுகும் பூனையும் ஒன்றாய் உறங்குகின்றன. பிரித்தெடுத்த ஒரு பட்டையும் உண்டு. அவருடைய பணிப் பதிவேட்டில் பதவி இறங்கியதும் ஏறியதும் எழுதப்பட்டிருக்கும். பிரித்த கை எது, மீண்டும் தைத்த கை எது என்பதற்கு அதில் இடமில்லை. நம்மவர் பிழைப்பைத் தேடி மாநிலம் கடந்த வீடுகள் தோறும் இப்படிப் பதிவேட்டில் ஏறாத ஒரு பக்கம் இருக்கும். பிள்ளைகளுக்கு அதனைச் சொல்லிவைப்பது நம் கடமை.

சென்ற வாரம் பேத்தியின் பள்ளிச் சட்டைக்குச் சின்னம் தைக்க அமர்ந்தோம். “ஊற வச்சாச்சா?” என்று கேட்டார். பார்வை எங்களுக்கு மங்கிவிட்டது. ஊசியில் நூலைக் கோத்துத் தந்தவர் அவர்தான்.