மடிப் பயணம்

சென்ற டிசம்பர் விடுமுறையில் தங்கையையும் அவளது ஒன்றரை வயது மகளையும் மச்சானிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு எனக்கு. கட்டுநாயக்காவிலிருந்து தோஹாவுக்கு ஏறத்தாழ 5 மணித்தியாலம். 2 வயதுக்குட்பட்டதற்குத் தனி ஆசனமில்லை, மடிதான். வகுப்பில் 35 பிள்ளைகளோடு மாரடிப்பவனுக்கு இந்த ஒன்று பெரும்பாடு.

காசு கொடுத்து வாங்கிய பொம்மையை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடதாசிக் கோப்பையும் கரண்டியும் ஆசனப்பட்டிக் கொளுக்கியும்தான் கைகொடுத்தன. அவற்றையும் ஒவ்வொன்றாகத்தான் நீட்ட வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் கொடுத்தால் ஐந்தே நிமிடத்தில் அலுத்துவிடும்.

சோதனை இறங்கும்போதுதான். உயரத்தில் பறக்கையில் உள்ளே காற்றழுத்தம் 6000, 8000 அடி மலையில் இருப்பதைப் போன்றது. நுவரெலியா என்று வைத்துக்கொள்ளுங்களேன். இறங்க இறங்க அது கூடும். குழந்தையின் காதையும் தொண்டையையும் இணைக்கும் ஒடுங்கிய குழாய் அதற்கு ஈடுகொடுக்காது. எதையாவது விழுங்கினால் திறக்கும். அவளோ பால் போத்தலைத் தட்டிவிட்டு வீறிட்டாள். முன் ஆசனக்காரர் இருமுறை திரும்பிப் பார்த்தார்.

"இங்க தாங்க நானா."

பக்கத்தில் அதுவரை வாய் திறவாதிருந்த பெண். வீட்டு வேலைக்குப் போகிறவர். குழந்தையைத் தோளில் சாய்த்து, கரண்டியால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பருக்கினார். அழுகை விம்மலாகி அடங்கியது.

"உங்களுக்குப் பிள்ளைகள்?" தங்கை கேட்டாள்.

"ஒரு மகள். ஆறு வயசு. உம்மாட்ட உட்டுட்டு வாறன்."

சக்கரங்கள் தரையைத் தொட்ட பிறகும் அவர் குழந்தையைத் திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.