அம்மாவின் இரண்டு பேட்டரிகள்

சைனாடவுன் காம்ப்ளெக்ஸை ஒட்டிய எங்கள் ப்ளாக்கிலிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவிலுக்கு எனக்கு ஐந்து நிமிட நடை. முழங்கால் தேய்ந்தபிறகு அம்மாவுக்கு அது வெளியூர் மாதிரி ஆகிவிட்டது. பேட்டரி ஸ்கூட்டர் வந்த பிறகுதான் செவ்வாயும் வெள்ளியும் அவருக்குத் திரும்பக் கிடைத்தன. கீழே ஈரச்சந்தையில் மீன், பிறகு கோவில், வரும் வழியில் சீனப் பாட்டிகளோடு பாசார் மலாயில் அரைமணி நேரக் கதை. ஐந்து டாலர் கருவேப்பிலைக்கும் கொத்தமல்லிக்கும் தேக்காவுக்கு டாக்சி எடுக்கிற செலவும் குறைந்தது. சொந்தக்காலில் நிற்பது என்று சொல்வார்களே, அம்மா சொந்தச் சக்கரத்தில் நின்றார்.

அந்தச் சக்கரத்தை ஓட்டுவது சீட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு 12 வோல்ட் ஈயப் பேட்டரிகள். ஒவ்வொன்றும் நாலு கிலோ. தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூடி சீல் வைத்தது. சீல் வைத்தது என்பதாலேயே அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. இந்த ஊரில் கரண்ட் போவதில்லை. பேட்டரி என்ற பொருளைக் கவனிக்கும் பழக்கம் நமக்கு விட்டுப்போய்விட்டது. 2012 மின்வெட்டுக் காலத்தில் ஊருக்குப் போகும்போதெல்லாம் முஸ்தபாவில் எமர்ஜென்சி விளக்கு வாங்கிப் போவோம். ஆறு மாதத்தில் "எரியலைம்மா" என்று போன் வரும். மட்டமான சாமான் என்று நினைத்துக்கொள்வேன். எரிந்து முடிந்த விளக்கை அப்படியே அலமாரியில் வைத்துப் பூட்டியதுதான் காரணமாக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

நான் செய்ததும் அதேதான். மாயவரத்தில் ஒரு கல்யாணம். அம்மா இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்தார். அதுவரை ஸ்கூட்டர் பாதிக்கும் கீழான சார்ஜோடு வாசலில் நின்றது. ஈயப் பேட்டரி சார்ஜ் இறங்கும்போது அதன் தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் போட்டால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் கல்லாக இறுகிவிடும். லித்தியத்தைப் பாதியில் வைப்பது நல்லது என்பார்கள். ஈயத்துக்கு நேர் எதிர், நிறைத்து வைக்க வேண்டும். போன் பழக்கத்தை ஸ்கூட்டருக்கும் கொண்டுபோனவள் நான்.

வந்த முதல் வெள்ளிக்கிழமை சார்ஜ் போட்டேன். அரைமணியில் பச்சை விளக்கு. பலே என்று அனுப்பிவைத்தேன். கோவிலுக்கு நூறடி இருக்கும்போது வண்டி நின்றுவிட்டது. வெயிலில், அர்ச்சனைத் தட்டோடு. இரண்டு பங்களாதேஷ் தம்பிகள் தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய் கோவிலுக்குக் கிளம்பவும் இல்லை.

பழைய சார்ஜரில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, ஆன்லைனில் 5 ஆம்பியர் சார்ஜர் ஒன்று வாங்கினேன். பெரிசு என்றால் நல்லது தானே! எங்கள் பேட்டரி 12 ஆம்பியர்-மணி. அதற்கு ஒன்றேகால் ஆம்பியர் போதும், மூன்றரைக்கு மேல் ஆகாது என்பது பேட்டரி மேலேயே அச்சடித்திருந்தது. படிக்கவில்லை.

மழை இரவு, ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஒரு மணிக்கு அம்மா எழுப்பினார். "ஏம் பாப்பா, முட்டை ஏதும் அழுகிப்போச்சா?" கூடம் முழுக்க அழுகிய முட்டை வாடை. ஸ்கூட்டர் சீட்டில் கை வைத்தால் சுட்டது. உள்ளே மெல்லிய சீறல். நல்லவேளை, பயத்தில் பேட்டரிப் பக்கத்து வயரைப் பிடுங்காமல் முதலில் சுவர் ஸ்விட்சை அணைத்தேன். அது புத்திசாலித்தனம் இல்லை, கைக்கு அது எட்டியது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் வெளிவருவது ஹைட்ரஜன். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும், ஒரு பொறி போதும். சாமி விளக்கு அணைந்திருந்தது. ஜன்னல் கதவையெல்லாம் திறந்துவிட்டு அம்மாவைக் காரிடாரில் உட்காரவைத்தேன்.

காலையில் கீழ்க்கடை ரிப்பேர் அங்கிள் மேலே வந்தார். ஒரு பேட்டரி வயிறு உப்பியிருந்தது. மீட்டரை வைத்தார். ஒன்று 12.7, உப்பியது 10.6. "இனி சுடா மாத்தி" என்றார். "செத்துப்போச்சுங்கிறார்" என்று அம்மா எனக்கு மொழிபெயர்த்தார்.

10.6 என்ற எண்ணிலேயே கதை இருக்கிறது என்று அவர் காகிதத்தில் போட்டுக் காட்டினார். ஒரு பேட்டரிக்குள் ஆறு அறை, அறைக்கு இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். ஓர் அறை செத்தால் மிச்சம் ஐந்து, அதுதான் பத்தரை. ஆனால் சார்ஜருக்கு அது தெரியாது. பன்னிரண்டு அறைக்கான 28.8 வோல்ட்டைப் பதினொன்றுக்குள் தள்ளுகிறது. 2.4 வாங்க வேண்டிய அறை 2.6 வாங்கிக் கொதிக்கிறது. பேட்டரி நிறைந்ததும் ஆம்பியர் குறையும், குறைந்தால் சார்ஜர் தானே 27 வோல்ட் சுற்றுக்கு இறங்கும். இங்கே குறையவே இல்லை, அதனால் இறங்கவும் இல்லை. இந்தக் கணக்கும் 25 டிகிரிக்குப் போட்டது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் பேட்டரிக்கு 20, 30 மில்லிவோல்ட் குறைத்துக்கொடுக்க வேண்டும்.

செய்தியில் வரும் தீ விபத்துகள் பெரும்பாலும் லித்தியம், நம்முடையது ஈயம், பயமில்லை என்று இருந்தேன். ராத்திரி முழுக்க ஆளில்லாமல் சார்ஜ் போடாதீர்கள் என்று குடிமைத் தற்காப்புப் படை சொல்வதும் எனக்கில்லை என்று இருந்தேன்.

நல்லதாக இருந்த இன்னொன்றை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கூடாது, பழசும் புதுசும் ஜோடி சேர்ந்தால் பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு போகும் என்றார். இரண்டையும் மாற்றினோம். பழையவற்றை ஈயத்துக்காக அவரே எடுத்துக்கொண்டார். 5 ஆம்பியர் சார்ஜர் இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, யாருக்கும் கொடுக்க மனமில்லை. சிம் லிம் டவரில் ஒரு மீட்டர் வாங்கினேன்.

இப்போது வந்தவுடன் சார்ஜ், பகலில், ஜன்னல் பக்கம், சீட்டைத் தூக்கிவைத்து. வண்டி ஓடாத மாதத்திலும் ஒருமுறை. வெள்ளிக்கிழமை பூ வாங்கக் காசு எடுத்துக்கொண்டே அம்மா கேட்பார், "எத்தனை காட்டுது?"

"இருபத்தஞ்சு புள்ளி ஆறும்மா."

"அப்ப வர்ற வழியில மீனும் வாங்கிட்டு வந்துர்றேன்."