அவெஞ்சருக்குப் பாட்டு மாட்டிய கதை

பெரியப்பா பையனுக்கு வெளியூரில் வேலை கிடைத்ததில் எனக்குக் கிடைத்த சொத்து ஒரு பழைய பஜாஜ் அவெஞ்சர். "எங்க வேணா ஓட்டிட்டுப் போடா, ஒயரிங்ல மட்டும் கை வைக்காதே" என்று சொல்லித்தான் அண்ணன் சாவியைக் கொடுத்தான். நான் முதலில் கை வைத்ததே அங்கேதான் :)

ஹேண்டில்பாரில் மாட்டுகிற மாதிரி இரண்டு ஸ்பீக்கர், ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர். பேரம் பேசி உக்கடத்தில் வாங்கினேன். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 1000 வாட்ஸ் என்று போட்டிருந்தது. உள்ளே ஒயரோடு வந்த ஃபியூஸ் 5 ஆம்பியர். 12 வோல்ட்டை 5 ஆம்பியரால் பெருக்கினால் 60 வாட். மீதி 940 வாட் காற்றிலிருந்து வருமோ என்னமோ! அந்த 60 வாட்டே சும்மா இல்லை. 60/55 ஹாலஜன் பல்ப் ஹை பீமில் இழுக்கிற அளவு.

மூன்று ஒயர். கறுப்பு எர்த்துக்கு. மஞ்சள் நேராக பேட்டரிக்கு. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற லைனுக்கு. அந்த லைனைத் தேட சோம்பல்பட்டு, சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கி பேட்டரி ப்ளஸ்ஸில் செருகினேன். பாடியது! தெருவே திரும்பிப் பார்த்தது.

மறுநாள் விடிகாலை வால்பாறை போக நண்பன் வந்து நிற்கிறான். பட்டனை அழுத்தினால் டிக் டிக் என்கிறது. ராத்திரி முழுக்க ஆம்ப்ளிஃபயர் ஓடி பேட்டரியைக் குடித்துவிட்டது. வண்டியில் கிக்கரும் கிடையாது. செகண்ட் கியரில் போட்டுத் தள்ளினோம். நாலாவது தடவை பிடித்துக்கொண்டது. வால்பாறைக்குப் பதில் எலக்ட்ரீஷியன் கடைக்குப் போனோம்.

அவர் டேங்க்கைக் கழற்றினார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"ஏனுங் தம்பி, ஃபியூஸை எங்க வெச்சிருக்கீங்க?"

"ஆம்ப்ளிஃபயர் பக்கத்துலங்ணா. ஹெட்லைட்டுக்குப் பின்னாடி."

"இங்க பாருங்க."

ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் கழுத்துப் பக்கம் ஃப்ரேமில் உரசி, ஒரே நாளில் ஒயரின் தோல் உரிந்து செம்பு பளபளவென்று தெரிந்தது. அது இரும்பைத் தொட்டிருந்தால் பேட்டரியின் மொத்த கரண்ட்டும் அங்கே பாய்ந்திருக்கும். ஃபியூஸ் அதற்கும் அப்பால் இருந்ததால் அதற்கு விஷயமே தெரிந்திருக்காது. ஃபியூஸ் பாட்டுப் பெட்டியைக் காப்பாற்றத்தான் என்று நினைத்திருந்தேன். ஒயரைக் காப்பாற்றவாம். அதனால் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டுமாம். உரிந்த இடத்துக்கு ஒரு ஜாண் மேலே பெட்ரோல் டேங்க். நண்பன் முகத்தை நான் பார்க்கவில்லை.

புது ஒயர், உறை, பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ், சாவி போட்டால் மட்டும் ஆன் ஆகிற ரிலே. சாயங்காலம் வரை நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

அடுத்த வாரம் வால்பாறை போனோம். 60-ஐத் தாண்டினால் காற்றுச் சத்தத்தில் பாட்டு கேட்கவில்லை. ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வேகம் குறைந்து பாட்டு நன்றாகவே கேட்டது. கேட்காமல் போனது எதிரே வந்த பஸ்ஸின் ஹாரன். நண்பன் தோளில் ஓங்கி அடித்த பிறகுதான் ஒதுங்கினேன். மிச்ச வளைவுகளுக்குப் பாட்டு இல்லை.

தீபாவளிக்கு அண்ணன் வருகிறான். ஸ்பீக்கரைக் கழற்றி ஒளித்துவிடலாம். டேங்குக்கு அடியில் சுற்றியிருக்கிற புது டேப்புக்கு என்ன சொல்வது?