மழை வருமா? - கொட்டாஞ்சேனையில் ஓர் இசை மாலை

வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருக்கும் அறையின் சன்னலைத் திறந்தால் கடல் தெரியாது. ஆனால் கடலுக்கு மேலே கூடும் மேகம் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன்னர், செப்டெம்பர் மாதத்தின் கடைசி வாரம் முழுவதும், காலையில் எழுந்ததும் நான் செய்த முதல் வேலை அந்த மேகத்தைப் பார்ப்பதுதான். தேநீர்கூட அதற்குப் பிறகுதான்.

காரணம் இருந்தது. ஒக்டோபர் முதலாம் திகதி சிறுவர் தினம். அதை ஒட்டி வந்த சனிக்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பின் நடுவே கிடக்கும் வெறும் நிலத்தில் இசை மாலை ஒன்றை நடத்துவதாக அங்குள்ள பெண்கள் குழு முடிவு செய்திருந்தது. பிள்ளைகளின் மாலை வகுப்புக்குப் பணம் சேர்ப்பது நோக்கம். ஒலிபெருக்கிக்காரருக்கும் கதிரை வாடகைக்கும் முற்பணம் கொடுத்தாகிவிட்டது. அது குழுவின் சேமிப்பிலிருந்து எடுத்த பணம். வாரம் இருபது, ஐம்பது ரூபாயாகப் பெண்கள் போட்டுச் சேர்த்தது. மழை பெய்து நிகழ்ச்சி நின்றுபோனால் அந்த முற்பணம் திரும்பி வராது. "மிஸ் சொல்லித்தானே செஞ்சோம்" என்று யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கேட்காமல் விடுவதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

கூரை உள்ள இசை

வெள்ளவத்தையிலிருந்து 101ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் காலி வீதி வழியாகப் புறக்கோட்டைக்கு வந்து சேரலாம். அங்கிருந்து செட்டியார் தெருவின் நகைக்கடைகளையும் கோயில்களையும் தாண்டி, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தையும் கருங்கல்லால் கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயிலையும் கடந்து போனால் கொட்டாஞ்சேனை. தூரம் அதிகமில்லை. ஆனால் மழை நாளில் இந்த வழியைப் போய்ப் பார்த்தவர்களுக்கு இரண்டு இடங்களுக்கும் உள்ள தூரம் விளங்கும்.

வெள்ளவத்தையில் மழை பெய்தால், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் தண்ணீர் கடலை நோக்கி ஓடிவிடும். மாடி வீட்டுப் பெண்கள் பல்கனியில் காயும் உடுப்பை உள்ளே எடுப்பார்கள். அதோடு சரி. கொட்டாஞ்சேனையின் தாழ்ந்த தோட்டங்களில் மழை பெய்தால், பெண்கள் முதலில் அரிசியை உயரத்தில் தூக்கி வைப்பார்கள். பிறகு பிள்ளைகளின் கொப்பிகளை.

இசையும் அப்படித்தான். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்தில் கச்சேரி கேட்க இராமகிருஷ்ண மிஷன் மண்டபம் உண்டு, சரஸ்வதி மண்டபம் உண்டு, கொழும்புத் தமிழ்ச் சங்கம் உண்டு. மழை பெய்தாலும் பாட்டு நிற்காது. திரும்பிப் போக ஓட்டோ கிடைக்குமா என்பதே கவலை.

"நாமும் ஒரு மண்டபம் எடுத்தால் என்ன?" என்று நான் கூட்டத்தில் கேட்டேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மண்டப வாடகை ஒரு பக்கம் இருக்கட்டும். இரவு எட்டு மணிக்கு வெளியே போய்வர வீட்டில் எத்தனை பேரை விடுவார்கள்? படுக்கையில் இருக்கும் மாமியாரை யார் பார்ப்பது? கைக்குழந்தையை என்ன செய்வது? ஆனால் இந்த வெறும் நிலத்தில் வைத்தால், சமைத்துக்கொண்டே கேட்கலாம். மாடி நடைபாதையில் நின்று பார்க்கலாம். மேடையில் பாடிவிட்டு ஓடிப்போய்ச் சோற்றை வடித்துவிட்டு வரலாம். திறந்தவெளி என்பது அவர்களுக்கு ஓர் ஆசை அல்ல, அனுமதி கேட்காமல் வரக்கூடிய ஒரே இடம்.

இதை நினைக்கும்போது பெங்களூர் நாகரத்தினம்மாவின் கதை ஞாபகம் வருகிறது. திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் ஆராதனையில் பெண்கள் பாட இடம் கொடுக்காத காலம் அது. அவர் தம் சொந்தப் பணத்தைக் கொட்டி, காவிரிக் கரையில் சமாதியைச் சுற்றிய நிலத்தை வாங்கிக் கோயில் எழுப்பினார். பெண்களைக் கூட்டி அங்கே பாடவும் வைத்தார். பாடுவதற்கு முதலில் காலூன்ற ஒரு நிலம் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

மாதத்தைத் தெரிந்து வைத்தவர்கள்

ஒக்டோபரில் திறந்தவெளியில் விழா வைப்பது புத்திசாலித்தனமா? கொழும்பின் மழைக் கணக்கைப் பார்த்தால் இல்லை. இங்கே வருடத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 2400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. இதில் மே மாதத்தில் மட்டும் 390 மில்லிமீற்றர் அளவில். ஒக்டோபரில் 350. நவம்பரும் சளைத்ததல்ல. மாறாக ஜனவரியில் 60, பெப்ரவரியில் 70 மில்லிமீற்றர் அளவுதான். மே மழையைத் தென்மேல் பருவப்பெயர்ச்சி கொண்டு வருகிறது. ஒக்டோபர், நவம்பர் மழை இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்டது. காலையில் வெயில் கொளுத்தும். பின்னேரம் இடி இடித்துக் கொட்டும். எங்கள் நிகழ்ச்சியோ பின்னேரம் ஐந்து மணிக்கு!

முன்னோர் வைத்த திருவிழாக்கள் பல மழை ஓய்ந்த காலத்தில் வருவதைக் காணலாம். மலையகத்தின் காமன் கூத்து மாசியில் நடக்கிறது. திருவையாற்று ஆராதனை ஜனவரியை ஒட்டி, வடகீழ்ப் பருவ மழை ஓய்ந்த பிறகு வருகிறது. கொழும்பின் ஆடிவேல் விழாவும் மே மழைக்கும் ஒக்டோபர் மழைக்கும் இடையே சற்றுத் தணிந்த நாட்களில் வருகிறது. செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே தேர் போகும்போது நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் வானத்தை நம்பித்தான் நடக்கிறார்கள்.

எல்லாத் திருவிழாவுக்கும் அந்த வசதி இல்லை. கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள் ஜூன் 13ஆம் திகதி, பருவமழைக்குள் வருகிறது. வெசாக் வருவதோ மழை மிகுந்த மே மாதத்தில். 2016 மே மாதத்தில் வெசாக்குக்குச் சில நாட்கள் முன்னர் களனி கங்கை பெருகி, கொழும்பின் தாழ்ந்த பகுதிகள் மூழ்கின. வெளிச்சக் கூடு கட்ட இருந்த கைகள் பல இடங்களில் நிவாரணப் பொதி கட்டின.

சேறு ஏழை நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. 1969 ஓகஸ்டில் அமெரிக்காவின் வுட்ஸ்டொக் இசை விழாவில் இலட்சக்கணக்கானோர் பால்பண்ணை ஒன்றின் சேற்றில் நின்று பாட்டுக் கேட்டார்கள். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவுக்கு மக்கள் முழங்கால் வரை வரும் இறப்பர் சப்பாத்தோடுதான் போவார்கள். 2023 ஓகஸ்டில் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் மழையால் நிலம் சேறாகிப்போய், அனுமதிச்சீட்டு வாங்கிய ஆயிரக்கணக்கானோரைப் பாதியில் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் அந்தச் சேறு மூன்று நாள் அனுபவம். வீட்டுக்குப் போய்க் கழுவிவிடலாம். சேற்றிலேயே வீடு இருப்பவர்களுக்கு?

"தரையப் பாருங்க"

நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்னர் ஒரு சிறு மழை பெய்தது. நான் போய்ப் பார்த்தபோது நிலத்தின் நடுவில் குளம்போலத் தண்ணீர். மேடை வைக்க நான் குறித்திருந்த இடமே அதுதான். தறப்பாள் வாங்கலாமா, கிறவல் கொட்டலாமா, மரத்தூள் கிடைக்குமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். கீழ்மாடியில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கும் ஒரு அக்கா, அப்பம் சுட்டு விற்பவர், என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மிஸ், நீங்க ஒரு வாரமா வானத்தயே பாக்குறீங்க. தரையப் பாருங்க. மழ பெஞ்சா பெய்யட்டும். தண்ணி போறதுக்கு வழி இருக்கா?"

அவர் காட்டிய இடத்தில் ஒரு கான் இருந்தது. இருந்தது என்பதைவிட, ஒரு காலத்தில் இருந்தது என்று சொல்லலாம். சோற்றுப் பார்சல் சுற்றும் லஞ்ச் சீற், பால்மா பைகள், உடைந்த செருப்பு, மண் எல்லாம் சேர்ந்து அதை மூடியிருந்தன. ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பி வந்து கீழ்மாடி வீடுகளுக்குள் ஏறுகிறது. "ஒக்டோபர்ல நாலஞ்சு தடவ வரும்" என்றார் சாதாரணமாக. உரிய அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். பதில் வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் நான் சமூகவியல் படித்தவள். நகர வறுமை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இரண்டு வருடம் அந்தத் தோட்டத்துக்குப் போய்வந்தும் அந்தக் கானை நான் பார்த்ததில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கொழும்பின் கதையே இதுதான். இந்த நகரத்தைச் சுற்றியிருந்த சதுப்பு நிலங்கள்தான் மழைநீரை உறிஞ்சிப் பிடித்து வைத்தவை. அவற்றில் மிஞ்சியவற்றைக் காப்பதற்காக 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் நிரப்பிக் கட்டிய இடம் நிரப்பியதுதான். 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. 2010 நவம்பர் 11ஆம் திகதி விடிந்தபோது பாராளுமன்றத்தைச் சுற்றியும் வெள்ளம். பாராளுமன்றத்துக்குள் தண்ணீர் வந்தால் செய்தி. அப்பக்கார அக்காவின் அடுப்படிக்குள் வந்தால் அது வெறும் ஒக்டோபர்.

இரண்டு ஞாயிறு

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் சிரமதானம். "பாட்டுக் கச்சேரிக்காக" என்று சொன்னதும் ஆண்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். முன்பு பெண்கள் பலமுறை கூப்பிட்டும் வராதவர்கள் அவர்கள். அடுத்த வரிசையில் இருக்கும் சிங்கள, முஸ்லிம் குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. அவர்களின் பிள்ளைகளும் மேடையில் பாட இருந்தார்கள். முதல் ஞாயிறு அள்ளிய குப்பை இருபத்தேழு உரப்பை. இரண்டாம் ஞாயிறு கானின் அடியில் சீமெந்து தெரிந்தது. பிள்ளைகள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது ஓடுவதைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

மேடையின் இடத்தையும் அக்காதான் மாற்றினார். நடுவில் வேண்டாம், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மேடாக இருக்கிறது என்றார். மின்கம்பிகளைத் தரையில் போடாமல் கம்பு நட்டு உயரத்தில் கொண்டுபோக ஒலிபெருக்கிக்காரர் சம்மதித்தார். தப்பு அடிக்கும் இளைஞர்களுக்கு வேறு கவலை. ஈரக்காற்றில் தோல் தொய்ந்து சத்தம் வராது. நெருப்பில் காய்ச்சித்தான் இறுக்க வேண்டும். மழையில் நெருப்பை எங்கே மூட்டுவது? மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய தகரத்தில் சிரட்டை போட்டு மூட்டலாம் என்று முடிவாயிற்று.

அந்தச் சனிக்கிழமை நான்கு மணிக்கு வானம் இருண்டது. நாலேகாலுக்குக் கொட்டத் தொடங்கி ஐந்து மணி வரை விடவில்லை. கதிரைகளை அடுக்கி, பெட்டிகளைத் தறப்பாளால் மூடிவிட்டு, எல்லோரும் நடைபாதையில் ஒதுங்கினோம். யாரும் பேசவில்லை. எல்லாருடைய கண்ணும் கானில். சிவப்புத் தண்ணீர் சுழன்று வந்தது, நின்றது, பிறகு ஓடியது. மழை விட்டு ஒரு மணி நேரத்தில் குளம் இல்லை. சேறு இருந்தது. பழைய சாக்குகளையும் காட்போட் மட்டைகளையும் விரித்தோம். ஆறே முக்காலுக்குத் தப்பு முழங்கியது.

அன்று ஒரு பாட்டி தாலாட்டுப் பாடினார். மூன்று மொழிப் பிள்ளைகளும் பாடினார்கள். அப்பக்கார அக்கா பாடவில்லை. ஆனால் எண்பது அப்பம் விற்றார். செலவு போக வகுப்புக்குச் சிறு தொகை மிஞ்சியது. அந்த ஒக்டோபரில் கீழ்மாடி வீடுகளுக்குள் ஒரே ஒரு தடவைதான் தண்ணீர் ஏறியது.

அடுத்த கூட்டத்தில், "வரும் முறை பெப்ரவரியில் வைப்போமா? மழைப் பயம் இருக்காதே" என்று கேட்டேன். அக்கா தலையை ஆட்டினார்.

"வேணாம் மிஸ். மாசியில வச்சா கான் தோண்ட யார் வருவா? ஒக்டோபர்லயே இருக்கட்டும். பயம் இருந்தாத்தான் வேல நடக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வாசகியரே, உங்கள் ஊரில் திறந்தவெளியில் ஒரு விழா வைக்க எண்ணினால், வானிலை அறிக்கையைக் கேளுங்கள், தறப்பாளும் வாங்குங்கள். அதற்கு முன்னர் ஒரு மழை நாளில் அந்த நிலத்துக்குப் போய்த் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். அங்கே நெடுநாள் இருக்கும் பெண்களைக் கேளுங்கள். மேட்டைக் கண்டுபிடித்து மேடை போடுங்கள். மின்கம்பியை நிலத்தில் விடாதீர்கள். கானைத் திறந்துவிடுங்கள்.

ஒரு கானைத் துப்புரவு செய்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. களனி ஆற்றோரத் தாழ்நிலங்கள் மூழ்கின. அத்தகைய வெள்ளத்துக்கு எங்கள் இருபத்தேழு உரப்பை எந்த மூலைக்கு? அதற்கு நகரம் முழுவதற்குமான திட்டம் வேண்டும். அதைக் கேட்கும் கடிதத்தையும் நாங்கள் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இப்போதும் காலையில் சன்னலைத் திறந்து மேகத்தைப் பார்க்கிறேன். செப்டெம்பர் வந்தால் மட்டும், பார்த்துவிட்டு அக்காவுக்குத் தொலைபேசி எடுப்பேன். "கான் எப்படி அக்கா?" என்று கேட்பேன். மழை வருமா என்று கேட்பதில்லை.