கடலிலிருந்து பார்த்த கரை

குளிர்காலத்து சர்ஃபிங் படம் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது பனிதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஐஸ்லாந்தின் பனிப்புயலுக்கு நடுவே கிறிஸ் பர்கார்ட் எடுத்த ‘அண்டர் ஆன் ஆர்க்டிக் ஸ்கை’ படம் 2017-இல் வந்தபோது திரும்பத் திரும்பப் பார்த்தேன். நார்வேயில், துருவ வட்டத்துக்கும் வடக்கே, உன்ஸ்டாட் என்றொரு கரை இருக்கிறது. குளிர்காலத்தில் தண்ணீர் 5, 6 டிகிரிதான் இருக்கும். தடித்த ரப்பர் உடைக்குள் உடம்பு முழுவதையும் மூடிக்கொண்டு பலகை ஏறுகிறார்கள்.

நம் கடலின் குளிர் வேறு மாதிரி. ஜனவரியில் மரக்காணத்துக் கரையில் விடியற்காலைக் காற்று 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். கடல்நீரோ 26 டிகிரியை ஒட்டி நிற்கும். தண்ணீருக்குள் இருப்பவனுக்குக் குளிராது. நனைந்த உடம்போடு கரையேறி வாடைக் காற்றில் நிற்பவனுக்குத்தான் பல் கிட்டும். இதைப் பல வருடம் நான் மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அலைச்சறுக்கு வீரர்களைப் படமெடுப்பதே வேலையாகத் திரிந்தவன், முழங்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று இந்தக் கரையில்தான் ஏறியது. அது ஓய்ந்து, மழை விட்டு, பொங்கலும் முடிந்த பிறகு, சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று சர்ஃபர்களோடு கிளம்பினேன். மூவருமே மீனவக் குடும்பத்துப் பையன்கள். கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தானாகவே அலையேறக் கற்று, 2012-இல் பள்ளி தொடங்கிய பிறகு இந்தக் கரையில் வளர்ந்த தலைமுறை இது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினாரே, அப்படிப்பட்ட போட்டிகளை ஆகஸ்டில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அந்த மாதங்களில் தென்கடலின் ஆழத்திலிருந்து வெகுதூரம் பயணப்பட்டு வரும் அலைகள் இடைவெளி விட்டு, வரிசை கட்டி வரும். குளிர்காலத்து அலை வாடைக் காற்று பக்கத்திலேயே கிளப்பிவிடுவது. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, நெருக்கியடித்துக்கொண்டு வரும். ஆனால் மழைக்காலம் ஓய்ந்ததும் சில விடியல்களில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு மெதுவாகத் திரும்பும். அப்போது ஓரிரண்டு மணி நேரம் அலை முகம் கழுவியதுபோல் தெளிந்து நிற்கும். அதைத் தேடித்தான் போனோம்.

மரக்காணத்தில் நின்றோம். கோடையில் இந்தச் சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி வெள்ளை உப்புக் குவியல்களைப் படமெடுப்பார்கள். அந்த ஜனவரியில் குவியல் எதுவும் இல்லை. பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் அளம் முழுவதும் மழைத்தண்ணீர் கிடந்தது. அதை வடித்து, வரப்பு கட்டி, பாத்தியின் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துத் தரை இறுகிய பிறகுதான் உப்பு வார முடியும். அதுவரை கூலி இல்லை. மேற்கே கழுவெளியில் பறவைகள் நிறைந்திருந்தன. 2021-இல் சரணாலயமாகி, 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்த நீர்நிலை அது. அளத்துக்காரர்களுக்குக் கஷ்டகாலமான மாதங்கள்தான் பறவைகளுக்கு விருந்துக்காலம்.

இனி வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. இங்கே கரை ஏறக்குறைய தென்கிழக்கைப் பார்த்துக் கிடக்கிறது. குளிர்காலச் சூரியனும் தென்கிழக்கிலேயே எழும். அதாவது, கரையில் கேமராவோடு நிற்பவனுக்கு விடியலில் சூரியன் நேர் எதிரே. அலையேறுபவன் கறுப்பு உருவமாகத்தான் விழுவான். முகம் தெரியாது, அலையின் பச்சை தெரியாது. சாயங்காலம் வெளிச்சம் நமக்குப் பின்னால் வரும். ஆனால் அதற்குள் கடல்காற்று எழுந்து அலையைக் கலைத்திருக்கும். ஆகவே விடியலில் முகத்தோடு படம் வேண்டுமென்றால் கேமரா தண்ணீருக்குள் போய்க் கரையைப் பார்த்துத் திரும்ப வேண்டும். வேறு வழி கிடையாது.

எனக்கு இது ஆரம்பத்திலிருந்தே தெரியும். தெரிந்தும் நீளமான லென்ஸ்களாக வாங்கிச் சேர்த்தேன். நிழலுருவம்தான் கவிதை என்று நண்பர்களிடம் வாதாடினேன். நீர்புகாத ஹவுசிங் ஒன்று வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் பரணில் போட்டு வைத்திருந்தேன். இதெல்லாம் பயம்.

என் அத்தையின் வீடு மரக்காணத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் இருந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, அத்தை சந்தைக்குப் போயிருந்தார். மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் அம்மிக்கல் மட்டும் இருந்தது. வலைகள் சவுக்கு மரங்களில் உயரத்தில் தொங்கின. மாமா அன்றைக்குக் கடலில் இருந்தார். ஆழத்தில் படகை ஏதோ லேசாகத் தூக்கி இறக்கியதாகத்தான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. சுனாமி ஆழ்கடலில் உயரமே இல்லாமல் கடந்து, கரைக்குப் பக்கத்தில் தரை மேடேறும்போதுதான் எழும்பும். மீன் கூடைகளோடு திரும்பிய மாமா, ஊர் இல்லாததைக் கண்டார். அதற்குப் பிறகும் அவர் சாகும் மட்டும் கடலுக்குப் போனார். அத்தை உள்ளூருக்குள் வீடு மாற்றிக்கொண்டு, கரைப்பக்கம் வருவதை விட்டுவிட்டார். நான் கரை வரை வந்தேன். கேமராவுக்குப் பின்னால் நின்று பார்த்தால் கடல் தாங்கக்கூடியதாக இருந்தது.

அந்த விடியலில் பையன்களில் ஒருவன் நனைந்த தலையோடு ஓடிவந்து, திரையில் படங்களைப் பார்த்தான். “எல்லாத்துலயும் நாங்க நிழலாத்தான் இருக்கோம்ணா. அம்மாகிட்ட காட்டினா, நான் எவன்னு கண்டுபிடிக்கவே முடியாது” என்றான். குறையாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னான். எனக்கு அது உறைத்தது. அந்தத் தடவை ஹவுசிங் வண்டியில்தான் இருந்தது. எடுத்து மாட்டினேன். கை நடுங்கியது, ரப்பர் வளையத்தில் மணல் ஒட்டியிருக்கிறதா என்று அவன்தான் துடைத்துப் பார்த்து மூடினான்.

“அலை வர்றப்ப திரும்பி ஓடாதீங்க. ஓடுனா முதுகுல அடிச்சுப் புரட்டிடும். நேரா அதைப் பார்த்து, அடியில தலையைக் கொடுத்துடுங்க. மேல போயிடும்” என்று சொல்லி, என் சட்டையின் முதுகைப் பிடித்துக்கொண்டே கூட வந்தான். முதல் அலைக்கு நான் ஓடத்தான் பார்த்தேன். அவன் பிடியை விடவில்லை. அடுத்ததற்குக் குனிந்தேன். தலைக்கு மேல் ஒரு லாரி போகிற சத்தம். பிறகு கண்ணில் கரிப்பு, வெளிச்சம், மூச்சு. தண்ணீர் நிஜமாகவே வெதுவெதுப்பாக இருந்தது. மார்பளவு ஆழத்தில், ஒரு மணல்மேட்டில் கால் பதிந்ததும் திரும்பிப் பார்த்தேன். பின்னாலிருந்து வந்த சூரியன் அலையின் உள்ளே புகுந்து அதைக் கண்ணாடிப் பச்சையாக்கியிருந்தது. அதன் மேல் முழங்கால் மடக்கி வந்தவனின் பல்வரிசை வரை தெரிந்தது. அவனுக்குப் பின்னால் கரை: படகுகள், சவுக்குத் தோப்பு, குப்பத்தின் கூரைகள். பயம் போகவில்லை. ஒவ்வொரு அலைக்கும் வயிறு இறுகியது. இப்போதும் இறுகுகிறது. இறுகிய வயிற்றோடே ஷட்டரை அழுத்தலாம் என்பதுதான் அன்று புதிதாகத் தெரிந்துகொண்டது.

திரும்புகிற வழியில் அத்தையைப் பார்க்கப் போனேன். மடிக்கணினியைத் திறந்து படங்களைக் காட்டினேன். பையனைப் பற்றி, “யாரு வீட்டுப் புள்ள?” என்று ஒரு வார்த்தை கேட்டதோடு சரி. விரலை அவனுக்குப் பின்னாலிருந்த சவுக்குத் தோப்பில் வைத்து, மெதுவாகத் தெற்கே நகர்த்தி, ஓரிடத்தில் நிறுத்தினார். “நம்ம வூடு இங்கதானே?”

ஆமாம் என்றேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் மீன் விற்பார்கள், வலை பிரிப்பார்கள், கணக்குப் பார்ப்பார்கள், படகேறுவதில்லை. அத்தை பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்டது எல்லாம் அந்தக் கரையில்தான். கடலிலிருந்து அதை ஒரு நாளும் பார்த்ததில்லை.

“உங்க மாமா தெனம் வர்றப்ப இப்படித்தான் தெரிஞ்சிருக்கும், இல்ல?” என்றார்.

பெரிதாக ஒரு படம் போட்டுத் தரச் சொன்னார். ஆள் இல்லாமல், கரை மட்டும் இருக்கிற படமாக. அப்படி ஒன்று என்னிடம் இல்லை. அதை எடுக்க அடுத்த வாரம் மறுபடியும் மரக்காணத்துக்குப் போனேன்.