எங்கே வழவழப்பு, எங்கே சொரசொரப்பு

ஆவடியில் 'டேங்க் பேக்டரி' என்று சொன்னால் ஆட்டோக்காரருக்கு வேறு அடையாளம் தேவையில்லை. கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் உருவானது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பில், முதல் விஜயந்தா டாங்கி 1965இல் இங்கிருந்து வெளியே வந்தது. அப்புறம் 'அஜேயா' என்ற பெயரில் டி-72, 'பீஷ்மா' என்ற பெயரில் டி-90, பக்கத்திலேயே இருக்கும் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமான சி.வி.ஆர்.டி.இ. வடிவமைத்த அர்ஜுன். இப்படி ஓர் ஊரில் குடியிருந்துகொண்டு, பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன பிளாஸ்டிக் மாடல் கட்டும் பழக்கத்தை மறுபடி தொட்டால் எதைக் கட்டுவது என்று யோசிக்கவா வேண்டும்? ஜப்பானிய மாடல் நிறுவனமான டமியாவின் டி-72எம்1 வாங்கினேன். அளவு 1/35.

இந்த 35க்குப் பின்னால் பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் டமியா, மோட்டார் வைத்து ஓடும் ஒரு பான்தர் டாங்கியைச் செய்தது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும் என்பதற்காகத் தீர்மானித்த உடம்பு அது. அளந்து பார்த்தால் ஏறத்தாழ 35இல் 1 பங்கு. அதுவே உலக வழக்காகிவிட்டது.

பீரங்கிக் குழலோடு சேர்த்து 9.5 மீட்டர் நீளமுள்ள வண்டி மேஜைமேல் 27 சென்டிமீட்டர் ஆகிறது. பாகங்களை ஒட்டுவதில் சிரமம் இல்லை; பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி நின்றால், நிஜ வண்டியில் அது 1 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட விரிசல். பெயிண்ட் 0.1 மில்லிமீட்டர் தடித்துப்போனால் மூன்றரை மில்லிமீட்டர் தார் பூசிய மாதிரி. பட்டி, உப்புத்தாள், ப்ரைமர், ஸ்ப்ரே எல்லாவற்றுக்கும் வீடியோக்கள் கிடைக்கின்றன. ஆனால் இதே வேலையைத் தினமும் செய்து சோறு சாப்பிடுகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும்போது அவர்களிடம் போகாமல் இருப்பானேன்?

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில், பருத்திப்பட்டைத் தாண்டி, தகரக் கொட்டகையில் ஒரு டிங்கரிங் பட்டறை. பெயிண்டருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. பையன்கள் 'மாஸ்டர்' என்று கூப்பிட்டார்கள். நான் 'அண்ணே' என்றேன். பெட்டியைத் திறந்து காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருக்கு சார், பையனுக்கா?"

அன்றைக்கு ஸ்டாண்டில் ஒரு கார்க் கதவு. பட்டி போட்டுக் காய்ந்து, தேய்க்கத் தயாராக இருந்தது. அதன்மேல் கறுப்பு பெயிண்டைத் தொலைவிலிருந்து லேசாகத் தூவினார். காய்ந்ததும் ரப்பர் கட்டையில் தண்ணீர்த் தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, குறுக்கு மறுக்காகத் தேய்த்தார். மேட்டில் இருந்த கறுப்பு உடனே போனது. பள்ளத்தில் இருந்தது அப்படியே நின்றது, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, கதவுப் பிடிக்குக் கீழே. அதுவரை அங்கே பள்ளம் இருந்ததாக எனக்குத் தெரியவே இல்லை. "கண்ணுல மாட்டாது சார், கைய வெச்சுப் பாருங்க" என்று ஒரு மெல்லிய பனியன் துணியை என் உள்ளங்கைக்கும் தகரத்துக்கும் நடுவில் விரித்தார். வெறும் கையில் தட்டுப்படாதது துணி வழியாகத் தட்டுப்பட்டது. வெறும் தோல் ஈரத்தில் ஒட்டி இழுக்கும். துணி வழுக்கிக்கொண்டு போவதால் மேடு பள்ளம் மட்டும் தெரிகிறது.

விரலால் தேய்த்தால் விரல் பதிந்த இடம் மட்டும் குழியும், அதற்குத்தான் கட்டை. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டியைத் தடிமனாக ஒரே தடவையில் அப்பினால், உள்ளே தின்னர் ஆவியாக ஆவியாக மறுநாள் உள்வாங்கும். மெல்லிசாகப் பல தடவை போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் ஏறினால் என்.சி. பெயிண்ட் பூத்து வெளுத்துப்போகும். இதெல்லாம் அவருக்குப் பேச்சுவாக்கில் வந்து விழுகிற விஷயங்கள். அவருடைய தின்னர் என் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. பாலிஸ்டைரீனை அது கரைத்துவிடும். பாகங்களை வெட்டியெடுத்தபின் கழித்துப்போட்ட பிளாஸ்டிக் சட்டத் துண்டில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப ஊத்தக் கூடாது, தூவணும். மேல போய் உக்கார்றதுக்குள்ள பாதி காஞ்சிடணும்" என்றார். ஏர்பிரஷில் ப்ரைமர் அடிக்க அதைவிடத் தெளிவான குறிப்பை நான் எங்கும் படிக்கவில்லை.

கதவுக்கு அவர் கிளியர் கோட் அடித்தபோது மூக்கில் கட்டியிருந்தது ஒரு துண்டு. ஹார்டனர் கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டில் ஐசோசயனேட் உண்டு, ஆஸ்துமாவையே வரவழைக்கக்கூடியது. 27 சென்டிமீட்டர் பொம்மைக்கு வண்ணம் தீட்ட நான் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வைத்திருக்கிறேன். கேட்டால், "வேர்த்துடுது சார்" என்கிறார். வேர்ப்பது உண்மைதான். தகரக் கூரைக்குக் கீழே அந்த ரப்பர் மாஸ்க்கைக் கால் மணி நேரம் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் காற்றுப் போக்கியும் நல்ல மாஸ்க்கும் வாங்கித் தராத தொழிலை வேர்வையின்மேல் பழிபோட்டு விட்டுவிட முடியாது. பட்டறைக்கு வேலையும் குறைகிறது: இப்போது சர்வீஸ் சென்டர்களில் பம்பர் உடைந்தால் தட்டி எடுப்பதில்லை, புதிதாக மாற்றிவிடுகிறார்கள். பையன்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள் என்றார் மாஸ்டர், குறையாகச் சொல்லவில்லை.

மாஸ்டரிடம் கற்ற வழவழப்புப் பாடத்தை அப்படியே டாங்கி முழுக்கப் போட்டிருந்தால் அது குளியலறைப் பீங்கான் போல ஆகியிருக்கும். தடுத்தவர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பேட்டர்ன் மேக்கர். பவுண்டரிகளில் மணல் அச்சு எடுப்பதற்கான மாதிரியை, அதாவது பேட்டர்னை, மரத்தில் செய்பவர். அவருடைய அளவுகோலே பொய் அளவுகோல்: இரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும் என்பதால் 1000 மில்லிமீட்டர் என்று அதில் எழுதியிருக்கும் இடம் உண்மையில் 1010. எஃகுக்கு வேறு கோல், அது 2 சதவீதம். நான் 35ஆல் வகுக்கிறேன், அவர் கொஞ்சம் கூட்டுகிறார்.

டி-72இன் மேலே சுழலும் டரெட் வார்ப்பு எஃகு. அந்தப் பாகத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர், "ஏன் சார் இப்படி வழவழன்னு இருக்கு? மணல்ல ஊத்துனதுதானே?" என்றார். மூலையில் கிடந்த ஒரு வார்ப்பைத் தொடச் சொன்னார். மணல் பருக்கைகளின் தடம் மேலெல்லாம் அப்படியே ஏறியிருந்தது. அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோட்டை மட்டும் கிரைண்டர் வைத்துச் சீவியிருந்தார்கள். அந்தப் பட்டை மட்டும் மழமழவென்று, சுற்றிலும் சொரசொரப்பு. உருட்டிய தகட்டில் இது இருக்காது, வார்ப்பில் இல்லாமல் இருக்காது. வீட்டுக்கு வந்து பட்டியைத் தண்ணீராகக் கரைத்து, முடி தேய்ந்த பிரஷால் டரெட் முழுக்கக் குத்திக் குத்தி வைத்தேன். காய்ந்ததும் லேசாக ஒரு தேய்ப்பு. உடம்பின் தகட்டுப் பாகங்களுக்கு மாஸ்டர் முறை, டரெட்டுக்கு எஸ்டேட் முறை.

பச்சை அடித்து முடித்து மாஸ்டரிடம் கொண்டுபோனபோது அவர் விரல் நேரே டரெட்டுக்குப் போனது. "மேல பட்டியே பாக்கல போல." வார்ப்பு என்று விளக்கினேன். ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. அடுத்தது துரு என்றதும் சிரித்துவிட்டார். ஆயுசு முழுக்கத் துருவைச் சுரண்டி எடுத்த மனுஷனிடம், துரு எப்படிப் போடுவது என்று கேட்டால்?

ஆனால் எங்கே பிடிக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? தடித்த எஃகில் துரு மேலோடு பவுடர் மாதிரி நிற்கும், அரித்துத் தின்னாது. மட்கார்டு போன்ற மெல்லிய தகட்டில்தான் உள்ளேயிருந்து கொப்புளித்து ஓரத்தைத் தின்னும். செயினில் தரையில் படும் இடம் மினுங்கும், மீதி பழுப்பு. தூசி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒட்டாது, கிரீஸ் கசிகிற இடத்தில்தான் அப்பும். இடது பக்கப் புகைபோக்கியைக் காட்டியதும், கரி அதன் வாய்க்குப் பின்னால்தான் படியும் என்று நகத்தால் கோடு இழுத்தார். டர்பன்டைனில் கரைத்த ஆயில் பெயிண்டை இடுக்குகளில் ஓடவிட்டு, மிச்சத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டும் என்றேன். "மேலேந்து கீழ துடைங்க, மழை அப்படித்தான் இறங்கும்" என்றார். பிறகு அடுத்த கஸ்டமரின் ஸ்கூட்டரைப் பார்க்கப் போகும்போது திரும்பி, "மட்கார்டுல நாலு எடத்துக்கு மேல துரு வைக்காதீங்க. மிலிட்டரிக்காரன் அவ்வளவு விடமாட்டான்."