ஒரு பாட்டில் தேறிய உடம்பு

எழுபதுகளின் வடசென்னைக் குத்துச்சண்டையைச் சொன்ன 'சார்பட்டா பரம்பரை' 2021 ஜூலையில் ஓடிடியில் வந்தது. விக்கிரமசிங்கபுரத்தில் ஆளுக்கொரு போனில் பார்த்துவிட்டு டீக்கடையில் வந்து சண்டை போட்டோம். டான்சிங் ரோஸைக் கபிலன் வீழ்த்தியதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கடைசியில் வேம்புலியை ஜெயித்ததைத்தான் பலர் நம்பவில்லை. "சாராயத்துல ஊறுன உடம்பு ஒரு பாட்டுல தேறிருமாவே?"

கேள்வி நியாயமானதுதான். ரோஸின் காலாட்டத்தில் கபிலன் முதலில் திணறுகிறான், பிறகு அதன் கணக்கைப் பிடிக்கிறான். எல்லாம் ரிங்குக்குள்ளேயே நம் கண் முன்னால் நடக்கிறது. வேம்புலிக்கான தயாரிப்போ பீடி ராயப்பனோடு கடலோரத்தில் மளமளவென்று முடிந்துவிடுகிறது.

நிஜத்துக்கு இந்தத் தொந்தரவு கிடையாது. 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் 42-க்கு 1 என்ற பந்தய விகிதத்தில் இறங்கி, பத்தாவது சுற்றில் மைக் டைசனைச் சாய்த்தார். நடந்துவிட்டதால் நம்பித்தான் ஆகவேண்டும். சினிமாதான் ஒவ்வொன்றையும் நம்பவைக்க வேண்டியிருக்கிறது.

என் சித்தப்பா மில்லில் வேலை பார்த்தவர். அப்போது குடியை விட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "உடம்பு தேறும்லே. மொத வாரம் கைநடுக்கத்தோட கடைப் பக்கம் போவாம இருக்கணும் பாரு, அதுதான் சண்ட. அத இன்னும் கொஞ்சம் காட்டிருக்கலாம்."

அந்த வாரத்தை ரஞ்சித் நிதானமாகக் காட்டியிருந்தால், வேம்புலி விழுந்ததை எங்கள் டீக்கடையில் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.